பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஈசியு மாற்றுவது: நீலகிரியில் வண்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏறத்தாழ 1985 முதல் 2000 வரை வந்த பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்காக எழுதியது இது. மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா எம்ஆர்2, போர்ஷே 944 மாதிரியானவை. ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயர் இல்லாவிட்டாலும் அப்படியே ஓட்டப்படுகிற விடெக் சிட்டி, லான்சர், பேலியோ 1.6 ஆகியவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பட்டறையில் ஈசிஎம், கம்ப்யூட்டர், பாக்ஸ் என்று எதைச் சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: எஞ்சினுக்குப் பெட்ரோல் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்று முடிவு செய்கிற மின்னணுப் பெட்டி. இங்கே ஈசியு என்றே வைத்துக்கொள்வோம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. “ஈசிஎம் போயிருச்சுங்க” என்கிறார் மெக்கானிக் அண்ணன். நம்பலாமா?

உடனே நம்ப வேண்டாம். ஈசியு போயிற்று என்று மாற்றப்படுகிற பெட்டிகளில் பல நல்ல பெட்டிகள். வண்டியில் வேறு எங்கோ ஒரு கோளாறு. கைக்குச் சிக்காதபோது பழி பெட்டிமேல் விழுகிறது.

முதலில் சாவியை ஆன் செய்து, செல்ஃப் அடிக்காமல் மீட்டர் போர்டைப் பாருங்கள். செக் எஞ்சின் லைட் எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஒன்று பல்ப் போயிருக்கும், இல்லை ஈசியுவுக்குக் கரன்ட்டோ எர்த்தோ போகவில்லை. பல வண்டிகளில் பெட்ரோல் பம்ப்பும் இரண்டு விநாடி ‘உய்ங்’ என்று ஓடி நிற்கும். ஆனால் இதை எல்லா வண்டிக்கும் விதியாக வைத்துக்கொள்ளாதீர்கள். 1.6 எம்எக்ஸ்-5 போல மடல் வைத்த ஏர்ஃப்ளோ மீட்டர் (எஞ்சினுக்குள் போகிற காற்றை அளப்பது) உள்ளவற்றில், அந்த மடல் காற்றில் அசைந்தால்தான் பம்ப் ஓடும். சாவி போட்டதும் சத்தம் வரவில்லையே என்று அங்கே பதற வேண்டாம்.

அடுத்து பேட்டரி. நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால், செல்ஃப் சுற்றும், ஈசியு மட்டும் விழித்து விழித்து அணையும். மார்கழியில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி விழுகிற காலையில், நாலு வருட பேட்டரி செய்கிற வேலை பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, மெயின் ரிலே. இந்தக் கால வண்டிகளின் பெரிய ஏமாற்றுக்காரன் இதுவே. போர்ஷே 944-இல் டிஎம்இ ரிலே என்ற ஒரே ரிலேதான் ஈசியுவுக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் கரன்ட் கொடுக்கிறது. பழைய ஹோண்டாவில் டேஷ்போர்டுக்கு அடியில் பிஜிஎம்-எஃப்ஐ மெயின் ரிலே. இரண்டிலும் உள்ளே ஈயப் பற்று வட்டமாக விரிசல் விடும். வெயிலில் நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகாது, கண்ணாடியை இறக்கி அரை மணி நேரம் விட்டால் ஆகும் என்றால் ரிலேயைக் கழற்றி மூடியைத் திறந்து, காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம் தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். தெரிந்தால் புதிய ரிலே போடுங்கள். தற்காலிகத்துக்கு மறுபடி ஈயம் வைத்தாலும் ஓடும்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் மேட்டில் இழுவை இல்லை, லேசாகக் கறுப்புப் புகை. இதுவும் ஈசியுவா?

கோயம்புத்தூரில் இழுத்த இழுவை ஊட்டியில் எந்த வண்டிக்கும் வராது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 78 கிலோபாஸ்கல். கடல் மட்டத்தில் 101. டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஐந்தில் ஒரு பங்கு சக்தி அங்கேயே குறைந்துவிடும். குன்னூரில் அழுத்தம் 81, 82. மேட்டுப்பாளையத்தில் 97-ஐ ஒட்டி.

இந்த எண்கள் சோதனைக்கு உதவும். எம்ஏபி சென்சர் (இன்டேக் மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது) உள்ள வண்டியில், எஞ்சினை அணைத்து சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது ஸ்கேனர் 78 காட்டினால் சென்சர் நன்றாக இருக்கிறது. ஊட்டியில் 98 காட்டினால் சென்சர் பொய் சொல்கிறது, ஈசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டுகிறது. வேக்குவம் கேஜ் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சமவெளியில் ஐடிலில் 18 முதல் 20 அங்குலம் (பாதரசக் கணக்கில்) காட்டுகிற நல்ல எஞ்சின் ஊட்டியில் 12, 13தான் காட்டும். ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் குறையும் என்பது கணக்கு. கீழே கற்றுக்கொண்ட கையோடு மேலே வந்து “டைமிங் போச்சு, வால்வு போச்சு” என்று எஞ்சினைப் பிரிக்கிறவர்கள் உண்டு.

மடல் வகை ஏர்ஃப்ளோ மீட்டர் காற்றின் எடையை நேராக அளப்பதில்லை. மெலிந்த காற்றில், உயரத் திருத்தம் இல்லாமல் போனால், 10 சதவீதத்துக்கு மேல் பெட்ரோல் கூடும். லேசான கறுப்புப் புகைக்கு அதுவே போதும்.

சந்தேகப்பட வேண்டிய இன்னொன்று கூலன்ட் டெம்பரேச்சர் சென்சரின் கப்ளர், அதாவது வயர் செருகும் இணைப்பு. பாஷ் வகைச் சென்சர் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம்ஸ், உறையும் நிலையில் 6,000-ஐ ஒட்டி, 80 டிகிரியில் 300 சொச்சம் காட்டும். பச்சை பூத்த கப்ளர் அதன்மேல் ஒரு 500 ஓம்ஸ் சேர்த்தால் குளிர்ந்த எஞ்சினில் வித்தியாசமே தெரியாது. சூடான பிறகு 300 என்பது 800 ஆகிவிடும். 800 ஓம்ஸ் என்றால் ஈசியுவின் கணக்கில் 50 டிகிரி. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து அது கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கப்ளரைத் துடைத்தால் தீருகிற வியாதி. சென்சரைக் கழற்றி வெந்நீரில் போட்டுச் சோதிப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். நூறு என்று வைத்துக் கணக்குப் போட்டால் நல்ல சென்சர் குப்பைக்குப் போகும்.

சரி, ஈசியுதான் கெட்டது என்று எப்படி உறுதி செய்வது?

உள்ளே போக வேண்டியது எல்லாம் ஒழுங்காகப் போகிறது, வெளியே வர வேண்டியது வரவில்லை என்று காட்டினால் அதுதான் உறுதி. உங்கள் மாடலின் பின் வரைபடம், டிஜிட்டல் மல்டிமீட்டர், எல்இடி டெஸ்ட் லைட், மெல்லிய குண்டூசி நாலு வேண்டும். இழை பல்ப் வைத்த பழைய டெஸ்டரை ஈசியு வயரில் வைக்காதீர்கள். அது இழுக்கிற கரன்ட்டிலேயே உள்ளே டிரான்சிஸ்டர் போகலாம். குண்டூசியைக் கப்ளரின் பின்பக்கம் வயரை ஒட்டிச் செருகுங்கள். முன்வாயில் குத்தினால் டெர்மினல் விரிந்து புதிய கோளாறு பிறக்கும்.

எப்போதும் கரன்ட் இருக்க வேண்டிய மெமரி பின்னிலும், சாவி ஆனில் கரன்ட் வர வேண்டிய பின்களிலும் பேட்டரி வோல்டேஜ் இருக்கிறதா பாருங்கள். பிறகு எர்த். ஓம்ஸில் வைத்து எர்த் பார்ப்பது வீண். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கிற வயர்கூட ஓம்ஸில் பூஜ்யம் காட்டும். மீட்டரை 2 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை ஈசியுவின் எர்த் பின்னிலும், கறுப்பை பேட்டரியின் மைனஸ் முனையிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இன்டேக் மேனிஃபோல்டு, தெர்மோஸ்டாட் ஹவுசிங், பாடி என்று எர்த் வயர் பிடிக்கிற இடங்களைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்குங்கள். மழையிலும் மூடுபனியிலும் நனைந்து நனைந்து மலை வண்டிகளில் இந்த இடங்கள்தான் முதலில் பூக்கும்.

அடுத்து 5 வோல்ட். சென்சர்களுக்கு ஈசியு கொடுக்கிற ரெஃபரன்ஸ் 4.9 முதல் 5.1 வரை இருக்க வேண்டும். இல்லை என்றால் இன்னும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். த்ராட்டில் சென்சர், எம்ஏபி சென்சர் என்று ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பினால் உள்ளே ஷார்ட்டான அந்தச் சென்சர்தான் திருடன். எல்லாவற்றையும் கழற்றியும், எர்த்தில் உரசுகிற வயர் எதுவும் இல்லாமலும் 5 வோல்ட் வரவில்லை என்றால், இப்போது ஈசியுவைச் சொல்லலாம்.

இதேபோல, கிராங்க் சென்சர் சிக்னல் பெட்டி வாசல்வரை வருகிறது, ஆனால் நாலு இன்ஜெக்டரில் ஒன்றுக்கு மட்டும் துடிப்பு போகவில்லை, இடையில் வயரும் நன்றாக இருக்கிறது என்றால் பெட்டிக்குள் அந்த இன்ஜெக்டரை ஓட்டுகிற டிரைவர் சர்க்யூட் எரிந்திருக்கிறது.

ஸ்கேனர் போட்டால் ‘நோ கம்யூனிகேஷன்’ என்கிறது. பெட்டி செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஓபிடி-2 (புதிய ஸ்கேனர்கள் பேசுகிற பொதுத் தரம்) அமெரிக்காவிலேயே 1996 மாடலில்தான் கட்டாயமானது. இந்தியாவில் 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டி புதிய ஸ்கேனரோடு பேசாமல் இருப்பது இயல்பு. டொயோட்டாவில் டையக்னாசிஸ் பெட்டியில் டிஇ1, இ1 இரண்டையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்தால் செக் எஞ்சின் லைட் மினுக்கி கோளாறின் எண்ணை (கோடு) சொல்லும். எம்எக்ஸ்-5-இல் டென், கிரவுண்ட் என்ற இரண்டு பின்கள். பழைய ஹோண்டாவில் இரண்டு பின் சர்வீஸ் கப்ளர். மினுக்கலை எண்ணிக்கொண்டால் போதும். கோடு மினுக்குகிறது என்றாலே உள்ளே மூளை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

நண்பரிடம் இதே மாடல் இருக்கிறது. அவர் பெட்டியை மாட்டிப் பார்க்கலாமா?

இன்ஜெக்டர், ஐடில் மோட்டார், இக்னிஷன் காயில் எல்லாவற்றையும் ஓம்ஸ் பார்க்காமல் மாட்டாதீர்கள். நட்பு போய்விடும். காரணம் அடுத்த பதிலில்.

ஈசியு எதனால்தான் சாகிறது?

மலையில் முதல் காரணம் 24 வோல்ட் ஜம்ப். காலைக் குளிரில் பேட்டரி இறங்கியிருக்கும், பக்கத்தில் தேயிலை லாரி நிற்கும், கேபிளைப் போட்டுவிடுவார்கள். லாரியில் இருப்பது இரண்டு பேட்டரி தொடர்ச்சியாக, 24 வோல்ட். கார் ஸ்டார்ட் ஆனாலும் பெட்டிக்குள் பாதுகாப்பு டயோடு வெடித்திருக்கும். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பதும் இதே கதை.

டிங்கரிங் பட்டறையில் ஈசியுவைக் கழற்றாமல் ஆர்க் வெல்டிங் வைப்பது அடுத்தது.

மூன்றாவது, ஷார்ட்டான பாகம் பெட்டியைக் கொல்வது. பழைய மிட்சுபிஷி இதற்குப் பேர்போனது. ஐடில் ஸ்டெப்பர் மோட்டாரின் ஒவ்வொரு சுற்றும் 20 டிகிரியில் 28 முதல் 33 ஓம்ஸ் இருக்க வேண்டும். கூலன்ட் கசிந்து சுற்று ஷார்ட்டானால் பெட்டிக்குள் அதை ஓட்டுகிற ஐசி எரியும். மோட்டாரை மாற்றாமல் பெட்டியை மட்டும் மாற்றினால் புதிய பெட்டியும் சாகும். இன்ஜெக்டர்களும் அப்படித்தான். சாதாரண வகை 12 முதல் 16 ஓம்ஸ். குறைந்த ஓம்ஸ் வகை 2, 3, அதோடு தனியாக ரெசிஸ்டர் பாக்ஸ் இருக்கும். 14 ஓம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் 4 காட்டினால் அதை எடுத்து வீசுங்கள்.

நான்காவது தண்ணீர். கண்ணாடிக்குக் கீழே உள்ள கவ்ல் தொட்டியின் வடிகாலில் தைலமர இலையும் சைப்ரஸ் ஊசியும் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நிரம்பி, ப்ளோயர் வழியாகவோ வயர் ரப்பர் வழியாகவோ உள்ளே இறங்கி கால்வைக்கும் இடத்தில் தேங்கும். துணி மேற்கூரை வண்டியில் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற வடிகால் குழாயும் இப்படியே அடைபடும். எம்ஆர்2-இன் இரண்டாம் தலைமுறையில் பெட்டி பின் டிக்கியில் இருக்கிறது. டிக்கி ரப்பர் கிழிந்தால் நேராக அதன் தலையில்தான் சொட்டும். ஐந்தாவது எலி. ஷெட்டில் குளிருக்கு ஒதுங்கி வயரைக் கடிப்பதோடு நிற்காது. அதன் சிறுநீர் போர்டில் செம்பைத் தின்றுவிடும்.

கடைசியாக வயது. அது ஒரு தனிக் கேள்விக்கு உரியது.

பெட்டியைத் திறந்தால் மீன் கவிச்சி மாதிரி வாடை வருகிறது. என்ன அது?

கண்டென்சர் கசிந்திருக்கிறது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்பது புத்தகப் பெயர். 1990-ஐ ஒட்டிய மிட்சுபிஷி பெட்டிகளில் இது உலகறிந்த நோய். மற்ற ஜப்பானியப் பெட்டிகளிலும் முப்பது வயதைத் தாண்டியதும் வருகிறது. அடிப்பகுதியில் பழுப்புக் கறை, பக்கத்துக் கால்களில் பச்சை, போர்டின் பச்சைப் பூச்சு கறுத்துப்போயிருக்கும். ஐடில் ஏறி இறங்குவது, ஈரமான காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் போவது, காரணமில்லாமல் செக் எஞ்சின் லைட் எரிவது எல்லாம் இதன் வேலை. இப்படிப்பட்ட பெட்டியை மாற்றுவதற்கு முன் சரிசெய்து பார்ப்பதே புத்திசாலித்தனம். கண்டென்சர் ஒன்று சில பத்து ரூபாய். அதே நம்பர் பெட்டி கிடைப்பதோ குதிரைக்கொம்பு.

எப்படிச் சரிசெய்வது? டிவி மெக்கானிக் செய்வாரா?

கை நிதானமுள்ள யாரும் செய்யலாம். வண்டி எலக்ட்ரீஷியனைவிட டிவி, ஆம்ப்ளிஃபயர் பார்க்கிறவரின் கை இதற்குச் சரி.

முதலில் போர்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு கண்டென்சரிலும் மைக்ரோஃபாரட் அளவு, வோல்ட், மைனஸ் பட்டை எந்தப் பக்கம் என்று தாளில் படம் போட்டுக் குறியுங்கள். மைக்ரோஃபாரட் அப்படியே இருக்க வேண்டும். வோல்ட் கூடலாம், குறையக்கூடாது. 16-க்கு 25 போடலாம். 105 டிகிரி, லோ-இஎஸ்ஆர் வகை கேளுங்கள். உயரத்தையும் பாருங்கள், மூடி மூட வேண்டுமே. சென்னை ரிச்சி தெருவில் எல்லா அளவும் கிடைக்கும். ஒன்று கசிந்திருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். எல்லாம் ஒரே வயது.

பழைய போர்டில் இருப்பது ஈயம் கலந்த சால்டர். அயர்ன் முனை 350 டிகிரி, 63/37 கம்பி. பழைய பற்றின்மேல் கொஞ்சம் புது ஈயம் உருக்கி, பிறகு செம்புப் பின்னல் வைத்து உறிஞ்சுங்கள். கண்டென்சரை ஆட்டி, திருகிப் பிடுங்கினால் போர்டின் செம்பு வளையமும் கூடவே வரும். இந்த வேலையில் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கறையை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பல் துலக்கும் பிரஷ் முக்கித் தேய்த்து, கறை போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு செம்புக் கோட்டையும் மீட்டரில் பீப் சத்தம் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு முழுசாகத் தெரிகிற கோடு பூச்சுக்கு அடியில் அறுந்திருக்கும். அறுந்த இடத்துக்கு மெல்லிய எனாமல் வயரில் பாலம் போட வேண்டும்.

புதியவற்றை வைத்ததும், மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் பிளஸ், மைனஸ் இடையே ஷார்ட் இல்லையே என்று பாருங்கள். மேசையில் 12 வோல்ட் கொடுப்பதானால் 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகக் கொடுங்கள்.

ஈரம் புகாமல் இருக்க போர்டுமேல் பூச்சு அடிப்பதோ, பெட்டியை சிலிகான் போட்டு அடைப்பதோ நல்லதுதானே?

மெல்லிய அக்ரிலிக் பூச்சு நல்லது, கப்ளர் பின்களை டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு அடித்தால். சிலிகான் போட்டு அடைக்கவே அடைக்காதீர்கள். சில ஈசியுக்களில் காற்றழுத்தச் சென்சர் போர்டிலேயே இருக்கிறது: சிறு மூக்கோ துளையோ உள்ள ஒரு சதுரக் குப்பி. அதன் துளையைப் பூச்சு மூடினாலோ, பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்தாலோ வண்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஈசியுவுக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் அடைத்த பெட்டி ஊட்டிக்கு வந்தும் கோயம்புத்தூர்க் காற்றையே சுவாசித்துக்கொண்டிருக்கும். சமவெளியில் யாருக்கும் தெரியாமல் போகிற தப்பு, இங்கே பர்லியார் தாண்டுவதற்குள் புகையாக வெளிப்படும்.

தண்ணீரில் நனைந்த பெட்டியைக் காயவைத்தால் பிழைக்குமா?

கரன்ட் கொடுக்காமல் இருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு. உடனே பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பெட்டியைத் திறந்து, சேற்றுத் தண்ணீர் என்றால் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, பிறகு ஆல்கஹாலில் கழுவி, ஒரு அட்டைப் பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்ப் எரியவிட்டு ஒரு நாள் வையுங்கள். அரிசி மூட்டையில் புதைப்பதால் அரிசித் தூசிதான் மிச்சம். ஜூலை மாதம் கூடலூர் பக்கம் வெறும் காற்றில் காயும் என்று காத்திருக்காதீர்கள், காயாது.

பழைய பெட்டி வாங்குகிறேன். எந்த எண் பொருந்த வேண்டும்?

லேபிளில் இருக்கிற எண் முழுவதும், கடைசி எழுத்துவரை. டொயோட்டாவில் 89661 என்றும், ஹோண்டாவில் 37820 என்றும் தொடங்கும். மஸ்டாவில் நடுவில் 18-881 இருக்கும். பாஷ் பெட்டிகளில் 0 261 200 என்று தொடங்கும், ரொம்பப் பழையதில் 0 280. இந்தத் தொடக்க எண்கள் ‘இது ஈசியு’ என்று மட்டுமே சொல்கின்றன. மீதி எண்களில்தான் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, எந்த நாட்டுக்கு, எந்த ஆண்டு என்பதெல்லாம். கப்ளர் பொருந்துகிறது என்று ஆட்டோமேட்டிக் பெட்டியை மேனுவல் வண்டியில் மாட்டினால் ஓடலாம். கியர் பாக்ஸ் சிக்னல் வரவில்லை என்று லைட்டும் எரியலாம், ஐடிலும் தப்பலாம்.

விற்பவரிடம் மூடியைத் திறந்து போர்டின் போட்டோ கேளுங்கள். ஸ்க்ரூ தலையில் கீறல், கப்ளர் பின்னில் பச்சை, பெட்டி உள்சுவரில் தண்ணீர் நின்ற கோடு எது இருந்தாலும் வேண்டாம். நல்லதாக வந்தாலும் அதன் கண்டென்சரும் உங்களுடையதன் வயதுதான். மாட்டும் முன்பே மாற்றிவிடுவது உத்தமம்.

சில பெட்டிகளில் புரோகிராம் இருக்கிற ஈப்ராம் 28 கால் சிப், சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும். ஹார்டுவேர் ஒன்றேயாக இருந்தால் உங்கள் சிப்பை எடுத்து வாங்கிய பெட்டியில் செருகலாம். அதற்கு முன் ஒரு யுஎஸ்பி புரோகிராமரில் படித்து நகல் எடுத்துவையுங்கள். சிப் நடுவிலுள்ள கண்ணாடி ஜன்னலின் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். அது வெளிச்சம் பட்டு அழிகிற நினைவகம்.

இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) இருந்தால்?

1990-களின் நடுவுக்குப் பிறகு, முக்கியமாக ஐரோப்பிய வண்டிகளில், இந்தத் தலைவலி உண்டு. ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்து புதிய கார்களுக்கு இது கட்டாயம். சாவியின் சிப்பும் ஈசியுவும் ஒன்றையொன்று தெரிந்துவைத்திருக்கும். வேறு வண்டிப் பெட்டியை மாட்டினால் ஸ்டார்ட் ஆகி ஓரிரு விநாடியில் அணையும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. மூன்று வழி. ஒன்று, பெட்டி, சாவி, இம்மொபிலைசர் யூனிட் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து ஒரு செட்டாக வாங்குவது. இரண்டு, டீலர் கருவியில் மறுபடி பழக்குவது. ஓப்பலுக்கு கார் பாஸ் அட்டையிலுள்ள 4 இலக்க எண் வேண்டும், பழைய ஃபியட்டுக்குச் சிவப்பு மாஸ்டர் சாவி. மூன்று, பழைய பெட்டியின் 8 கால் ஈஈப்ராமிலுள்ள தகவலைப் புதிய பெட்டிக்கு மாற்றுவது. இதைச் செய்கிற நல்ல கடைக்காரர் முதலில் ஆர்சி புத்தகம் கேட்பார். கேட்காதவரிடம் கொடுக்காதீர்கள்.

மாட்டும்போது என்ன வரிசை?

ரேடியோவுக்குப் பூட்டு எண் (கோடு) இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். சாவியை எடுத்து, 10 மிமீ ஸ்பேனரால் பேட்டரி மைனஸைக் கழற்றி, பத்து நிமிடம் விடுங்கள். வண்டி பாடியின் வெற்று இரும்பைத் தொட்டுவிட்டுப் பெட்டியைத் தொடுங்கள்; ஸ்வெட்டரும் ஜெர்கினும் போட்டுக்கொண்டு வறண்ட ஜனவரியில் செய்கிற வேலையில் உடம்பில் ஸ்டாட்டிக் ஏறியிருக்கும். கப்ளரின் பூட்டை அழுத்தி உடலைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்தல்ல. நடுவில் 10 மிமீ போல்ட் இருக்கிற வகை என்றால் அதை முதலில் தளர்த்த வேண்டும். பெண் டெர்மினல்களை கான்டாக்ட் கிளீனரால் கழுவி, விரிந்தது ஏதும் உண்டா பாருங்கள். புதியதைச் செருகியபின் வயர்க் கொத்து ஈசியுவைவிடத் தாழ்ந்து தொங்கி மேலேறுவது போல வளைத்துக் கட்டுங்கள். அப்போது வயர் வழியே வருகிற தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. பெட்டியின் உலோக உடலுக்கு எர்த் பட்டை இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

பேட்டரியை மாட்டி, சாவியை ஆனில் பத்து விநாடி வைத்து, அணைத்து, மறுபடி ஆன் செய்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஓடுகிறது. இனி என்ன பார்க்க வேண்டும்?

ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஏசி, ஹெட்லைட் எல்லாம் அணைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். ஐடில் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

டிஸ்ட்ரிபியூட்டரோ கேம் சென்சரோ திருப்பக்கூடிய வண்டி என்றால் பேஸ் டைமிங்கை (பிளக்கில் தீப்பொறி விழும் அடிப்படை நேரத்தை) பாருங்கள். எம்எக்ஸ்-5-இல் டென், கிரவுண்ட் இணைத்து 10 டிகிரி முன். டொயோட்டாவில் டிஇ1, இ1 இணைத்து அதே 10. அக்கால மிட்சுபிஷியில் டைமிங் கப்ளரை எர்த் செய்து 5. இணைக்காமல் டைமிங் லைட் அடித்தால் ஈசியு தன் பங்குக்கு முன்னே பின்னே நகர்த்திய எண்ணைத்தான் காட்டும். “ஊட்டிக்கு டைமிங் கொஞ்சம் ஏத்தி வெச்சா நல்லா இழுக்கும்” என்று திருப்பிவிடுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். வண்டி எப்போதும் மேலேயே இருந்தால் சரி. அப்படியே மேட்டுப்பாளையம் இறங்கி, அடர்த்தியான சூடான காற்றில் நாலாவது கியரில் மிதித்தால் நாக்கிங் அடிக்கும்.

சோதனை ஓட்டத்துக்கு இதைவிட நல்ல சாலை வேண்டாம். ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்குங்கள், அணைக்காமல் திரும்பி ஏறுங்கள். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் பெட்ரோல் நிற்கிறதா, சைலன்சரில் டப் டப் சத்தம் இல்லையே. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முழு மிதியில் மிஸ்ஸிங் இல்லையே. மேலே வந்ததும் ஐடில் நிலையாக நிற்கிறதா என்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். இளம்பழுப்பு என்றால் உயரத் திருத்தம் வேலை செய்கிறது. கரி படிந்திருந்தால் அழுத்தச் சென்சரையோ கூலன்ட் சென்சரையோ மறுபடி பாருங்கள்.

அசல் பெட்டி கிடைக்கவே இல்லை. ஸ்டாண்டலோன் (அசலுக்குப் பதிலாக நாமே புரோகிராம் செய்கிற தனி ஈசியு) போடலாமா?

போடலாம். மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்றவை பழைய நாலு சிலிண்டர் எஞ்சினுக்குத் தாராளமாகப் போதும். வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சரும் (புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளப்பது), டியூன் செய்யத் தெரிந்தவரும், பொறுமையும் வேண்டும். நல்ல டியூனர் பெரும்பாலும் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருப்பார். அங்கே டியூன் செய்த மேப்பை (பெட்ரோல், தீப்பொறி அட்டவணைகளை) மேலே கொண்டுவந்தால் குளிர் ஸ்டார்ட் அட்டவணை தப்பாகவே இருக்கும். அவர் ஊரில் 5 டிகிரிக் காலையே கிடையாது. அந்த ஒரு பகுதியை ஊட்டியில் இரண்டு மூன்று காலை லேப்டாப்போடு உட்கார்ந்துதான் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று, மலைக்காரர்கள் மறக்கக்கூடாதது. இவற்றில் ஒரே எம்ஏபி சென்சர் வைத்த அமைப்பு காற்றழுத்தத்தைச் சாவி போடும்போது ஒரு முறை படித்து அதையே வைத்துக்கொள்ளும். மேட்டுப்பாளையத்தில் ஸ்டார்ட் செய்து அணைக்காமல் ஊட்டி வந்தால், 1,900 மீட்டர் ஏறிய பிறகும் அது 97 கிலோபாஸ்கல் கணக்கிலேயே இருக்கும். த்ராட்டில் கோணத்தை வைத்துப் பெட்ரோல் போடுகிற ஆல்ஃபா-என் முறையில் இது கறுப்புப் புகையாக முடியும். பெட்டிக்கு வெளியே, தண்ணீர் படாத இடத்தில், காற்றழுத்தத்துக்கென்றே இரண்டாவது சென்சர் ஒன்று வைத்து, செட்டிங்கில் தொடர்ந்து படிக்கும்படி மாற்றிவிடுங்கள். அது வரும்வரை தற்காலிகமாக, குன்னூரில் டீக்கு நிறுத்தும்போது எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் போதும்.